எழுவாய்

ஃப்ரெஸ்னோவில் ஜனவரி.
வாகன நிறுத்தத்தை முழுசாய் விழுங்கிய தரைப்பனிக்குள்
என் காரைத் தேடுவது மாலை வேலை.
காலை எட்டு மணிக்கு பஞ்சாபி.
பன்னிரண்டு பேர் சேராவிட்டால்
வகுப்பை மூட வேண்டிவரும் என்று
துறைத்தலைவர் மின்னஞ்சல் அனுப்பியிருப்பார்.
திறக்காமல் வைத்திருக்கிறேன்.
பதினோரு பேர்.

அதில் ஒன்பது பேர் பஞ்சாபி வீட்டுப் பிள்ளைகள்.
பாஷை தெரியும், ஏவலில் மட்டும்.
வா. தின்னு. செருப்பைக் கழற்று.
கதவை மெதுவாய்ச் சாத்து, அப்பா தூங்கட்டும்.
'ஓட்டினார்' என்று சொல்லச் சொன்னால்
ஹர்சிமர் விட்டத்தைப் பார்க்கிறான்.
அவன் வீட்டில் இறந்தகாலத்துக்கு
யாருக்கும் நேரம் இருந்ததில்லை.

பலகையில் எழுதுகிறேன்:
அவன் வாய்க்கால் வெட்டினான்.
பஞ்சாபியில் வாய்க்கால் பெண்பால்.
வெட்டியது ஆண்தான், ஆனாலும்
நடந்து முடிந்த காரியத்தில்
வினை அவன் முகம் பார்க்காது.
வாய்க்காலைப் பார்த்து 'புட்டீ' என்று முடியும்.
நிலம் உழுதான். நிலமும் பெண்பால்.
'வாஹீ'.
உழுதவன் வாக்கியத்தின் ஓரத்தில்
ஒரு வேற்றுமை உருபைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

"இது அநியாயம்" என்றாள் ஜெஸ்லீன்.
இலக்கணம், என்றேன்.

அடுத்த மணி வரலாறு.
அதே அறை, அதே பதினோரு பேர்.
திரையில் ஒரு கிரயப் பத்திரம்,
இம்பீரியல் பள்ளத்தாக்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நாலு.
நாற்பது ஏக்கர் பருத்தி.
உழுதவர் பக்‌ஷீஷ் சிங்.
பத்திரத்தில் இருப்பது ஒரு வெள்ளைக்கார வக்கீலின் பெயர்.
குடியுரிமைக்குத் தகுதியில்லாதவன்
மண் வாங்கக்கூடாது என்றது சட்டம்.
ஜெஸ்லீன் இந்தமுறை வாய் திறக்கவில்லை.
பலகையில் காலையில் எழுதியது
இன்னும் அழிக்கப்படாமல் இருந்தது.

பத்திரத்தைத் தேடி எடுத்து வந்தவள்
கடைசி வரிசை மரிசெலா சிங்.
கழுத்தில் சிலுவை, வீட்டில் ஸ்பானிஷ்.
பக்‌ஷீஷ் அவளுடைய கொள்ளுத்தாத்தாவின் தகப்பன்.
குடும்பத்தில் அவர் விட்டுப்போனது
ஒரு பெயர், ஒரு சொல்.
கோவேறு கழுதையை விரட்டச் சொன்னாராம்.
பிறகு அது நாய்க்கு வந்தது, கோழிக்கு வந்தது,
இப்போது சோபாவில் ஏறும் பூனைக்கு:
"ஹட்!"
"ஸ்பானிஷில் இல்லை, இங்கிலீஷிலும் இல்லை.
பூனை பாஷை என்று நினைத்திருந்தோம்."

ஒன்பது பேரும் சிரித்தார்கள்.
ஒன்பது வீட்டிலும் அதே சொல்.
விலகு. நகரு. அதுவும் ஏவல்தான்.
அவரிடமும் அதைத்தான்
ஊர் ஊராய்ச் சொல்லியிருப்பார்கள்,
வேறு பாஷையில்.

வெள்ளி இரவு. துணி வெளுக்கும் கடையில்
உலர்த்தி உருள, மடியில் விடைத்தாள்கள்.
இறந்தகாலத்தில் பத்து வாக்கியம் கேட்டிருந்தேன்.
ஹர்சிமர் ஒரே வாக்கியத்தை
ஊரை மாற்றி மாற்றி எழுதியிருந்தான்:
அப்பா ரெனோ வரை லாரி ஓட்டினார்.
அப்பா டென்வர் வரை லாரி ஓட்டினார்.
எட்டாவதில் லாரி பழுதாகி
இரண்டு நாள் பனியில் நிற்கிறது.
எப்போது கேட்டு வந்தானோ.

மரிசெலா எழுதியது ஒன்றே ஒன்று.
"ஊ நஹீ ஹட்டியா."
அவர் விலகவில்லை.

செயப்படுபொருள் குன்றிய வினை.
வளைந்துகொடுக்க வாய்க்கால் இல்லை, நிலம் இல்லை,
எழுவாயைத் தவிர வேறு நாதி இல்லாத வினை.
அங்கே மட்டும் செய்தவன் பாலையே வினையும் ஏற்கும்.
அந்த விதியை நான் இன்னும் நடத்தவில்லை.
அடுத்த செவ்வாய்க்கு வைத்திருந்தேன்.

'நஹீ'யின் தலையில்
மூக்கொலிப் புள்ளி விடுபட்டிருந்தது.
சிவப்பில் வட்டமிட்டு
அரை மதிப்பெண் குறைத்தேன்.

உலர்த்தி நின்றுவிட்டது.
துணி இன்னும் ஈரம்.
சில்லறை மாற்ற எழுந்தேன்.